புள்ளடி ஒன்று, கணக்கு மூன்று

2024 செப்டெம்பர் 21, 2024 நவம்பர் 14, 2025 மே 6. எட்டு மாதத்துக்குள்ள எங்களுடைய கையில மூன்று வாக்குச்சீட்டு வந்து போனது. முதலாவது ஜனாதிபதிக்கு, இரண்டாவது பாராளுமன்றத்துக்கு, மூன்றாவது உள்ளூராட்சி சபைக்கு. மூன்றிலும் நாங்கள் போட்டது ஏறக்குறைய ஒரே புள்ளடிதான். ஆனால் அந்தப் புள்ளடியை எண்ணுகிற கணக்கு மூன்றிலும் வேறு வேறு. "ஆருக்குப் போடுறது?" எண்டு சந்திக்குச் சந்தி கதைத்த அளவுக்கு, "போட்டால் அது எங்க போகும்?" எண்டு நாங்கள் கதைக்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதலாவதுக்குச் சரியாக விடை சொல்ல ஏலாது. அந்த விடை வரலாற்றுக்குள்ளதான் கிடக்கு.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது தாண்டிய ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை தந்தது. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களோட சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. படிக்காத சனத்துக்கும் பெண்களுக்கும் வாக்கு எதற்கு எண்டு கேட்டவர்களில் எங்களுடைய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். வாசிக்கத் தெரியாதவர் எப்படி வாக்களிப்பது என்ற சிக்கலுக்கு அன்றைக்குக் கண்ட வழி நிறப்பெட்டி. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். சீட்டை வாங்கி, விருப்பமான நிறப் பெட்டிக்குள்ள போட்டுவிட்டு வரவேண்டியதுதான். 1947 பாராளுமன்றத் தேர்தலுக்கு வரும்போது நிறத்தின் இடத்தைச் சின்னம் பிடித்துவிட்டது. இன்றைக்கும் "வீட்டுக்குப் போடு", "சைக்கிளுக்குப் போடு" எண்டு நாங்கள் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்த முதல் தேர்தலிலேயே வடக்கு இன்னொரு தெரிவையும் செய்தது. முழுமையான சுயாட்சி தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் எண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரும் போட்டியிடவில்லை. அரசாங்க சபையில அந்த நான்கு கதிரையும் வெறுமையாகக் கிடந்தது. 1934இல் இடைத்தேர்தல் நடந்த பிறகுதான் நிரம்பியது. கொள்கை பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று வருடமும் சபை எங்களுக்காக நின்று காத்திருக்கவில்லை.

வாக்கைத் தாங்களாக மறுத்தவர்கள் ஒரு பக்கம் என்றால், வாக்கே பறிக்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். 1947இல் மலையகத் தமிழர்கள் தங்களுடைய பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தது. அந்த இரண்டும் சேர்ந்து தோட்டத்துச் சனத்தை வாக்காளர் இடாப்பிலிருந்தே துடைத்துவிட்டன. 1947இல் நுவரெலியாத் தொகுதியில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் மக்கள் வாக்கால் மறுபடி பாராளுமன்றம் போக 1977 வரைக்கும் எடுத்தது. "ஆர் வந்தாலும் ஒண்டுதான்" எண்டு அலுத்துக்கொள்ளும்போது இந்த முப்பது வருடத்தையும் ஒருக்கால் நினைத்துப் பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். 1978 வரைக்கும் பாராளுமன்றத் தேர்தலின் கணக்கு எளிது. தொகுதியில ஆர் கூட எடுக்கிறாரோ அவர் வென்றார். ஆனால் நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் விசித்திரமாக வரும். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி மற்ற எல்லாக் கட்சியையும் விடக் கூடுதலான வாக்கு எடுத்தும் 151 ஆசனத்தில் 17தான் கிடைத்தது. 1977இல் அதே கட்சி பாதிக்குச் சற்றுக் கூடிய வாக்கை வைத்து 168இல் 140 ஆசனத்தைப் பிடித்தது. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டுதான் 1978 அரசியலமைப்பு எழுதப்பட்டது. அதோட நிறைவேற்று ஜனாதிபதி முறையும் விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் வந்தன.

ஜனாதிபதித் தேர்தலில் வெல்ல ஒருவர் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல எடுக்கவேண்டும். ஒருவரும் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்புகளைப் பார்த்து, அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவரோட கூட்டுவார்கள். இந்த விதி 1982 முதல் சட்டப் புத்தகத்தில் கிடந்தாலும் 42 வருடம் தேவைப்படவே இல்லை. தேவைப்படக் கிட்ட வந்த ஆண்டு 2005. அந்த முறை மகிந்த ராஜபக்ச எடுத்தது 50.29 வீதம். ரணில் விக்கிரமசிங்கவோட இருந்த வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு அறிவிப்போட யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்பு ஒன்றரை வீதத்தைக் கூடத் தாண்டவில்லை. அன்றைக்குச் சனம் வாக்களித்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு இப்போது ஒருவராலும் அறுதியாகச் சொல்ல ஏலாது. ஆனால் வாக்களிக்காமல் விட்டதும் கணக்கில சேர்ந்தது என்பது மட்டும் நிச்சயம்.

2024இல்தான் முதன்முதலாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். அனுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். மற்ற வேட்பாளர்கள் எல்லாருக்குமாக விழுந்த வாக்கு 33 இலட்சத்துக்கு மேல. அதில் இரண்டாம் சுற்றில் பயன்பட்டது எவ்வளவு? அனுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் இரண்டே முக்கால் இலட்சம் கூட வராது. மிச்சம் முப்பது இலட்சம் சீட்டுக்கு மேல, கடைசித் தீர்மானத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒதுங்கிப்போயின. தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனுக்குக் கிடைத்த 226,343 வாக்கும் அந்த 33 இலட்சத்துக்குள்ளதான் வருகிறது. அவருக்குப் போட்டது ஒரு அரசியல் செய்தி என்றால், அது முதல் விருப்பிலேயே பதிவாகிவிட்டது. இரண்டாம் விருப்பை எழுதுவதால் அந்தச் செய்தி ஒரு துளியும் குறையாது. விரும்பியே வெறுமையாக விட்டவர்கள் இருப்பார்கள், அது அவர்களுடைய உரிமை. தெரியாமல் விட்டவர்களைப் பற்றித்தான் கவலை.

பாராளுமன்றக் கணக்கு இதை விடச் சிக்கல். மாவட்டத்தில் மொத்த வாக்கில் 5 வீதம் எடுக்காத பட்டியல்கள் முதலில வெட்டப்படும். கூட எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்ச ஆசனத்தை மிச்ச வாக்குக்குப் பிரிப்பார்கள். 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கு எடுத்து மூன்று ஆசனம் பெற்றது. இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி 63,327 எடுத்து ஒன்று. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986க்கு ஒன்று, சுயேச்சைக்குழு 17 அதன் 27,855க்கு ஒன்று. நான்கில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம். இதில் களவு எதுவும் இல்லை, விதிப்படி நடந்ததுதான். முதலாவதாக வந்ததால் ஒரு போனஸ். வகுக்கும்போது முழுசாக ஒன்று. மிச்ச வாக்கு பெரிதாக இருந்ததால் இன்னொன்று. தமிழரசுக் கட்சிக்கு முழுசாக ஒன்று கிடைத்த பிறகு மிஞ்சிய வாக்கு, காங்கிரஸிடமும் சுயேச்சைக்குழுவிடமும் இருந்ததை விடக் குறைவு. நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்ட மாவட்டத்தில், 5 வீதக் கோட்டுக்குக் கீழ விழுந்த வாக்கெல்லாம் இந்தப் பிரிப்புக்குள்ள வரவே இல்லை.

அதற்குப் பிறகு விருப்பு வாக்கு. 1978இல் எழுதினபடி என்றால் பட்டியலின் ஒழுங்கைக் கட்சியே தீர்மானித்திருக்கும். 1988இல் வந்த 14ஆம் திருத்தம் அதை மாற்றி, ஆர் உள்ளே போகிறார் என்பதை வாக்காளரிடம் தந்தது. 1989 தேர்தலிலிருந்து கட்சிக்கு ஒரு புள்ளடி, அதே பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் இலக்கத்துக்குப் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் செல்லாது. நல்ல அதிகாரம்தான். ஆனால் ஒரே கட்சிக்காரரே ஒருவரை ஒருவர் வெட்டி ஓடுகிற போட்டியும், சுவர் முழுக்க இலக்கமும் அதோடதான் வந்தன. கட்சிக்குப் போட்டுவிட்டு விருப்பு வாக்கைப் போடாமல் வருபவர், அந்தக் கட்சியில் ஆர் போகவேண்டும் என்ற முடிவை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்.

மூன்றாவது உள்ளூராட்சி. சின்னத் தேர்தல் எண்டு நாங்கள் நினைப்பது. ஆனால் 1981 யூன் 4இல் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னாலதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. உள்ளூர்த் தேர்தலும் எங்களுடைய மண்ணில் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 2018 முதல் இதற்குக் கலப்பு முறை: ஏறக்குறைய 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை. அந்த ஒரு புள்ளடி வட்டார வேட்பாளருக்கும் போகும், சபை முழுவதற்குமான கட்சியின் மொத்தக் கணக்குக்கும் போகும். எங்கட வட்டாரத்தில் நாங்கள் போட்டவர் தோற்றாலும் வாக்கு வீணில்லை, பட்டியலில் ஒரு கதிரைக்கு அது உதவும். மறுபக்கம், ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த நல்ல மனிசர் எண்டு ஒருவருக்குப் போட்டால், அவருடைய கட்சி பட்டியலில் ஆரைக் கொண்டுவருமோ அவரையும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறோம். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் இந்த முறையோடதான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பட்டியலில் எந்தப் பெண்களின் பெயர் இருக்கிறது எண்டு பார்ப்பதும் வாக்காளரின் வேலை.

இந்தச் சீட்டும் தானாக வந்ததில்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் பணம் இல்லை எண்டு தள்ளிப்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் எண்டு 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2025 மேயில்தான் சீட்டு கைக்கு வந்தது. நான்காவது சீட்டு ஒன்று, மாகாண சபைக்கானது, இன்னும் வரவேயில்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013இல் ஒரு தரம் வாக்களித்தோம், அவ்வளவுதான்.

ஆக, ஒரே கட்சிக்கு மூன்று சீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் அது மூன்று வேறு வேறு வேலையைச் செய்கிற முடிவு. ஜனாதிபதிச் சீட்டில், எனக்குப் பிடித்தவர் வெல்லாவிட்டால் மிச்ச இருவரில் ஆர் எண்டு கேட்கவேண்டும். பாராளுமன்றச் சீட்டில், இந்தப் பட்டியல் 5 வீதத்தைத் தாண்டுமா, தாண்டினால் அதில் எந்த மூன்று பேர் எண்டு கேட்கவேண்டும். உள்ளூராட்சிச் சீட்டில், வட்டாரத்து ஆளையும் அவருக்குப் பின்னால் இருக்கிற பட்டியலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பதில் ஆளுக்காள் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். வாசிக்கத் தெரியாத எங்கட பூட்டிமாருக்கு 1931இல் நிறப்பெட்டி வைத்து வழி செய்தார்கள். வாசிக்கத் தெரிந்த எங்களுக்கு அப்படி ஒருவரும் வழி செய்யப்போவதில்லை. வீட்டில் முதல்முறை வாக்களிக்கப் போகிற தம்பி, தங்கச்சி இருந்தால், ஆருக்குப் போடவேண்டும் எண்டு சொல்லாதேங்கோ. எப்படி எண்ணுவார்கள் எண்டு சொல்லிக்குடுங்கோ. மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்ளுவார்கள்.