போடிமெட்டு ஏறும் சிவப்பு

போடிநாயக்கனூர் நிறத்துக்குக் காசு கொடுக்கும் ஊர். இங்கே ஏலத்துக்கு வரும் ஏலக்காயின் விலையைக் காயின் பருமனும் லிட்டர் எடையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. பச்சையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வெயில் பட்டால் அந்தப் பச்சை வெளுத்துவிடும். அதனால்தான் மலையில் காயைப் பறித்த கையோடு ஸ்டோர் எனப்படும் சூட்டறைக்குள் கொண்டுபோய், மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். வெயில் நிறத்தைத் தின்னும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பழைய ஜீப்புக்குப் பெயின்ட் அடிக்கும் நேரம் வந்தால், விரலகல அட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பு போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சிவப்பு அப்படி நம்பி எடுக்கக்கூடிய நிறமில்லை. ஜீப்பின் கதவுக்கு வந்துசேர அது பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், ஏன் என்று புரியும்.

நம் பக்கத்துக்கு மிகப் பழைய சிவப்பு காவி. இரும்பு ஆக்சைடு; எத்தனை வெயிலையும் தாங்கும், ஆனால் செங்கல் நிறத்தைத் தாண்டி வராது. துணிக்குச் சாயவேர் இருந்தது. அதிலுள்ள அலிசரின் என்ற பொருளை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கரித்தாரிலிருந்து தயாரித்துவிட்டார்கள். அதன் பிறகு சிவப்பு வயலை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது.

காருக்கு நிறம் தாராளமாக வந்தது 1920களில். அதுவரை வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. ஸ்பிரே கன்னில் அடித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். 'டியூக்கோ' என்ற பெயரில் அது முதலில் ஏறியது ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாந்து கார்களில், நீல நிறத்தில். சிவப்பின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு பொருள் சிவப்பாகத் தெரிகிறது என்றால், அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விழுங்கும் ஒளிதான் சக்தி கூடியது. அந்தச் சக்தி நாளெல்லாம் உள்ளே இறங்கி நிறமியின் மூலக்கூறையே உடைக்கிறது. டொலுயிடின் ரெட் போன்ற மலிவான அசோ நிறமிகள் அடித்த அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். சில வருஷ வெயிலில் வெளிறிப்போகும். நன்றாக மூடிய மாலிப்டேட் சிவப்பில் ஈயமும் குரோமியமும் இருந்தன. நஞ்சு என்பதால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 1958இல் டூபான்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த குயினாக்ரிடோன் வெயிலைத் தாங்கியது. ஆனால் அதில் ரோஜா சாயல் தூக்கலாக இருக்கும். மிளகாய்ப்பழச் சிவப்பு கேட்டவருக்கு அது போதவில்லை.

அந்தச் சிவப்பு தற்செயலாகத்தான் கிடைத்தது. 1974இல் அமெரிக்காவில் டொனால்ட் ஃபார்னம் என்ற வேதியியலாளர் வேறொரு சேர்மத்தைத் தயாரிக்க முயன்றார். நினைத்தது கிடைக்கவில்லை, கரைய மறுக்கும் சிவப்புப் படிகம் கொஞ்சம் கிடைத்தது. அவர் தேடியது நிறமி இல்லை என்பதால் அது ஆய்வுக் கட்டுரையோடு நின்றுபோனது. சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் அபுல் இக்பால், லூயிஜி கஸார் ஆகியோர் அதைக் கையில் எடுத்து, சக்சினிக் அமில எஸ்டரிலிருந்து பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். 1980களில் சந்தைக்கு வந்த டிபிபி என்ற அந்தக் குடும்பத்தில் 'பிக்மென்ட் ரெட் 254' என்ற உறுப்பினருக்கு ஃபெராரி சிவப்பு என்றே செல்லப்பெயர். மூலக்கூறு சிறியது. ஆனால் பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் விரல் கோத்து நிற்பதால் எளிதில் கரையாது, வெயிலுக்கும் சட்டென்று உடையாது.

இன்று இந்தத் தொழிலின் வரைபடமும் மாறிவிட்டது. ஜெர்மனியின் ஹொய்பாக் நிறமி நிறுவனத்தை 2025இல் வாங்கியது புனேயின் சுதர்சன் கெமிக்கல். நிறமித்தூள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களின் ஆலைகளில் பெயின்ட்டாகிறது. கடையில் கலர் கோடு பார்த்து, பல டின்டர்களைக் கிராம் கணக்கில் கலந்து கொடுக்கிறார்கள்.

பட்டறையில்தான் சிவப்பின் சுயரூபம் தெரியும். டிங்கரிங் முடிந்து, பட்டி போட்டு, தண்ணீர் பேப்பர் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு சிவப்பு ஏறுகிறது. பளிச்சென்ற சிவப்புக்கு மூடும் திறன் குறைவு. கீழே இருக்கும் நிறம் மேலே எட்டிப் பார்க்கும். கறுத்த சாம்பல் பிரைமர் மேல் அது மங்கும், வெள்ளை மேல் எடுப்பாகும். ஒரு கதவுக்கு மட்டும் பிரைமர் மாறினால், ஒரே டப்பாவிலிருந்து இரண்டு சிவப்பு வரும். ஷேடைத் திருத்துவதிலும் பொறி உண்டு. வெள்ளை சேர்த்தால் ரோஸ், கறுப்பு சேர்த்தால் அரக்கு. அதனால் ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பையோ ஊதாச் சாயலுள்ள சிவப்பையோ துளித்துளியாகச் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். வேறு நிறமிகளைக் கலந்து ஒப்பிட்ட சிவப்பு, டியூப்லைட்டில் ஒத்துப்போய் வெயிலில் பிரிந்து நிற்கும்.

பிறகு முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஜீப் ஏலமலைக்குப் போகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். போடிக்கும் மலை உச்சியிலுள்ள போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவு. மேலே பனி, மழை, தோட்டத்தில் அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அது மேலே தெறித்தால், மேலே நிறமற்ற கிளியர் கோட் இல்லாத மலிவான சிவப்புகளில் சில சுண்ணாம்பின் காரத்துக்கே நிறம் மாறும். விடியுமுன் ஆளேற்றிப் போகும் வண்டிக்குச் சிவப்பு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான். அந்த நேரத்தில் உதவுவது பெயின்ட் இல்லை, ரிஃப்ளெக்டர் பட்டை.

ஆகவே சிவப்பு வேண்டுமென்றால் அட்டையை மூடிவைத்துவிட்டு, தகரத் துண்டு ஒன்றில் உங்கள் வண்டிக்குப் போடப்போகும் அதே பிரைமர், அதே கோட்டுகள், அதே கிளியரோடு அடித்துத் தரச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு உச்சி வெயிலிலும் நிழலிலும், முடிந்தால் மேலே மூடுபனியிலும் வைத்துப் பாருங்கள். கடைக்காரரிடம் ஷேடின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன நிறமி, கிளியரில் புற ஊதாத் தடுப்பு உண்டா என்று கேளுங்கள். நல்ல நிறமிக்கு விலை கூடுதல்தான். ஆனால் டிங்கரிங், பட்டி, பேப்பர் கூலி எல்லாம் மலிவான சிவப்புக்கும் அதேதான். அது வெளுத்தபின் மறுபடி அடிக்கும்போது அந்தக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். பச்சை கெடாமலிருக்க ஸ்டோருக்கு விறகுச் செலவு செய்யும் ஊருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.