கூட்டலும் கழித்தலும்: போரின் இரண்டு சமன்பாடுகள்

பிரெட்ரிக் லாஞ்செஸ்டர் கார் செய்த ஆங்கிலப் பொறியாளர். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் குவேக்கர். துப்பாக்கி தூக்க மறுத்து, முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். மூண்ட சண்டை எப்படி முடியும் என்று 1916-இல் வந்த தம் நூலில் கணக்குப் போட்டார் முன்னவர். அது ஏன் மூள்கிறது என்று கேட்டார் பின்னவர். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவி: இரண்டு மாறிகள் கொண்ட நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதி.

லாஞ்செஸ்டருடையது எளிது. என் ஆட்கள் சாகும் வேகம் எதிரியின் தலைக்கணக்கைப் பொறுத்தது. அவன் ஆட்கள் சாகும் வேகம் என்னுடையதை. திறமை சமம் என்றால், இரு எண்ணிக்கைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் கடைசிவரை மாறாது. 1000 பேர் 800 பேரோடு மோதினால் மிஞ்சுவது 200 அல்ல, 600. அந்த 800 பேர் நானூறு நானூறாகப் பிரிந்து அடுத்தடுத்து வந்தாலோ, எதிரில் ஏறக்குறைய 825 பேர் பிழைத்திருப்பார்கள். முதல்முறை போட்டுப் பார்ப்பவருக்கு இன்னொரு தாள் எடுத்துச் சரிபார்க்கத் தோன்றும்.

ரிச்சர்ட்சனின் கணக்கில், எதிரியின் ஆயுதத்தைக் கண்ட அச்சம் என் ஆயுதத்தை ஏற்றும். சொந்தச் செலவின் சுமை இறக்கும். பழைய பகை ஒரு மாறிலியாக வந்து சேரும். இரு நாடுகளுக்கும் அச்சக் கெழு 1, சுமைக் கெழு 2, பகை 10 என்று வைப்போம். ஐகன் மதிப்புகள் −1, −3. எங்கே தொடங்கினாலும் இருவரும் பத்தில் வந்து நிற்பார்கள். அச்சத்தை மட்டும் 3 ஆக்கினால் ஐகன் மதிப்புகள் 1, −5. சமநிலை சேணப்புள்ளியாகிவிடுகிறது, ஆயுதம் ஏறிக்கொண்டே போகும்.

லாஞ்செஸ்டருக்கும், கெழுக்கள் 1 என்றால், ஐகன் மதிப்புகள் 1, −1. அதுவும் சேணப்புள்ளிதான். அப்படியானால் இரண்டும் ஒன்றா? மதிப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்; திசையன்களையும் பார்க்க வேண்டும். லாஞ்செஸ்டரில் இரு படைகளின் கூட்டுத்தொகை தேய்கிறது, வித்தியாசம் வளர்கிறது. ரிச்சர்ட்சனில் வித்தியாசம் தேய்கிறது, அதுவும் மடமடவென்று, கூட்டுத்தொகை வளர்கிறது. இரு நாடுகளும் சீக்கிரமே சமபலம் பெற்றுவிடும். பந்தயம் மட்டும் நிற்காது. சமபலம் வந்தால் சமாதானம் வரும் என்பவர்கள் அந்த −5-ஐப் பார்த்துவிட்டு 1-ஐப் பார்க்க மறந்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. லாஞ்செஸ்டரில் தொடக்க எண்ணிக்கைதான் வெற்றியைத் தீர்மானிக்கும். ரிச்சர்ட்சனில் பகை இருக்கும்வரை யாரிடம் முதலில் எவ்வளவு ஆயுதம் இருந்தது என்பது பொருட்டே அல்ல. கெழுக்கள்தான் தீர்ப்புச் சொல்லும்.

நேரியல் என்பதற்கான விலையை இரண்டுமே கொடுக்கின்றன. ஒரு படை பூஜ்யமானதும் லாஞ்செஸ்டரின் கணக்கை நாம் கையால் நிறுத்தாவிட்டால், அந்த எண் எதிர்க்குறியாகி, வென்றவன் பக்கம் செத்தவர்கள் எழுந்து வரத் தொடங்குவார்கள். ரிச்சர்ட்சனிலோ எந்தக் கஜானாவும் காலியாவதில்லை.

ஆனாலும் ரிச்சர்ட்சன் தம் கணக்கை நிஜத்தோடு உரசிப் பார்த்தார். பிரான்ஸ், ரஷ்யா ஒருபுறம். ஜெர்மனி, ஆஸ்திரிய-ஹங்கேரி மறுபுறம். 1909 முதல் 1913 வரை இரு தரப்பின் ராணுவச் செலவுகளையும் ஒன்றாகக் கூட்டி, அந்தத் தொகைக்கு எதிராக ஆண்டு உயர்வைக் குறித்தார். புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அடுத்த ஆண்டு போர் மூண்டது.