கொதிகலனை யார் கையில் கொடுப்பது?

1995 ஜூன் 16. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுற்றுலாப் பயணிகளோடு ஓடிய 1278ஆம் இலக்க நீராவி எஞ்சினின் கொதிகலன் வெடித்தது. எஞ்சினில் நின்ற மூவரும் எரிகாயப்பட்டார்கள்.

நீர்மட்டக் கண்ணாடிக்குப் போகும் துவாரத்தில் உப்புப் படிந்திருந்தது. தண்ணீர் குறைந்தது தெரியாமலே நெருப்புப் பெட்டியின் கூரை பழுத்துக் கிழிந்தது. பராமரிப்பும் சரியில்லை, பயிற்சியும் போதவில்லை என்றது விசாரணை. மூவரின் உயிரையும் காத்தது 1948இல் கனடாவில் அதைக் கட்டியவர்களின் கைவேலை! கூரை ஒரேயடியாகப் பிய்யாமல், படிப்படியாகக் கழரும்படி ஆணிகளை அமைத்திருந்தார்கள்.

1999இல் சட்டம் இறுகியது. 1472 ஓட்ட நாட்களுக்கோ 15 வருடங்களுக்கோ ஒருமுறை கொதிகலனை முழுமையாகச் சோதிக்க வேண்டும். வெல்டிங் அங்கீகரித்த தரத்தில் இருக்க வேண்டும். பழைய எஞ்சினைத் திருத்தக் கொடுப்பவர் கொந்தராத்துக்காரரிடம் விலையைப் பிறகு பேசலாம். வெல்டிங் செய்பவர் யார், அவருடைய சான்றிதழ் எங்கே, முன்பு எந்தக் கொதிகலனைத் திருத்தினார், அது இன்றும் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள்.