தவறான விடையில் தொடங்கும் அலகு: ஆசிரியர்க்கான இணையவழி வடிவமைப்புப் பயிற்சி குறித்து

இணையவழி அலகுகளையும் மதிப்பீடுகளையும் உருவாக்க ஆசிரியர்க்கு அளிக்கப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் கருவியில் தொடங்குகின்றன. கூகுள் படிவத்தை அமைப்பது, காணொளியைப் பதிவேற்றுவது, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது என்று அவை நகர்கின்றன. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த வரிசைக்கு நியாயம் இருந்தது. வகுப்பு அறுந்துபோகாமல் காப்பதே அன்றைய தேவை. இன்று அந்த நெருக்கடி இல்லை. ஆகவே வரிசையைத் திருப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். மாணவர் எழுதும் தவறான விடைகளைத் திரட்டுவதே பயிற்சியின் முதல் வேலை, அவற்றைக் கொண்டு வினா அமைப்பது இரண்டாவது, கருவி மூன்றாவது.

ஏன் தவறான விடை? தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.8, 0.35 ஆகியவற்றில் பெரியது எது என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், 35 எட்டைவிடப் பெரியது என்பதால் 0.35 என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். நீளமான எண்ணே பெரியது என்பது அவர்கள் கைக்கொள்ளும் விதி. இதற்கு நேர் எதிரான விதியோடும் சிலர் இருக்கிறார்கள். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று அவர்கள் சரியாகவே கற்றிருக்கிறார்கள். அதை நீட்டி, இரண்டு இலக்கம் கொண்ட எந்தத் தசமமும் ஓரிலக்கத் தசமத்தைவிடச் சிறியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இப்போது 0.4, 0.57 என்ற இணையையும் சேர்த்து இரண்டு வினாக்களாகக் கொடுத்துப் பாருங்கள். முதல் வகையினர் முதல் வினாவில் தவறி, இரண்டாவதில் 0.57 என்று சரியாகச் சொல்வார்கள். இரண்டாம் வகையினர் முதல் வினாவைச் சரியாகச் செய்து இரண்டாவதில் தவறுவார்கள். இருவருக்கும் இரண்டுக்கு ஒன்று என ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும். ஆனால் அவர்களுடைய புரிதல்கள் எதிரெதிரானவை. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விளக்கமும் வேறு வேறு. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது தெரிய வழியில்லை. எந்தத் தெரிவை யார் தொட்டார்கள் என்று பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் தசம ஒப்பீட்டுத் தேர்வு ஒன்றை இந்த அடிப்படையில்தான் உருவாக்கினார்கள். எண் இணைகளை அவர்கள் எழுந்தமானமாக எடுக்கவில்லை. ஒவ்வொரு தவறான விதியும் தனக்கே உரிய விடைக்கோலத்தைக் காட்டும்படி தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆய்வுமரபிலிருந்து ஸ்மார்ட் தேர்வுகள் என்னும் இணையவழித் தொகுப்பும் பின்னர் வந்தது. மாணவர் எவ்வகைப் புரிதலில் நிற்கிறார் என்ற கண்டறிதலை அது ஆசிரியருக்குத் தருகிறது. இணையவழி மதிப்பீட்டின் உண்மையான வலிமை இதுவே. நாற்பது விடைத்தாள்களில் இந்தக் கோலங்களைக் கையால் பிரித்தெடுக்க ஒரு மாலைப்பொழுது போதாது; கணினி அதை நொடியில் செய்துவிடும். ஆனால் அந்தக் கோலத்தை வினாவுக்குள் வைக்க வேண்டியவர் ஆசிரியர்.

அந்த அறிவு ஆசிரியரிடம் ஏற்கெனவே உண்டு. மாணவர் கொண்டுவரும் முன்கருத்துகளையும் தவறான புரிதல்களையும் அறிந்திருப்பது, பாடப்பொருளைக் கற்பிப்பதற்கே உரிய தனி அறிவின் பகுதி என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோஹ்லரும் இந்தச் சட்டகத்தில் தொழில்நுட்ப அறிவையும் இணைத்தனர். பாடப்பொருள், கற்பித்தல், தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் இடத்தைத்தான் அவர்கள் முதன்மைப்படுத்தினார்கள். நம் பயிற்சிகளில் மூன்றாவது மட்டும் தனியே பிரிந்து, எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பொதுவான ஒரு நாள் நிகழ்ச்சியாகிவிடுகிறது. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே படிவத்தை உருவாக்குகிறார்கள். தசமத்தில் பிள்ளை எங்கே இடறுகிறது, வல்லினம் மிகும் இடத்தில் எங்கே இடறுகிறது என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

விளைவுகளை முதலில் வரையறுத்து, அவை எய்தப்பட்டதற்கான சான்றைத் தீர்மானித்து, அதன் பிறகே கற்றல் செயல்பாடுகளைத் திட்டமிட வேண்டும் என்று கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைய்யும் 1998இல் முன்வைத்த வரிசை பரவலாக அறியப்பட்டது. அதை நான் ஏற்கிறேன். ஆனாலும் அது போதாது. ‘தசம எண்களை ஒப்பிடுவார்’ என்று விளைவை எழுதி வைத்த பின்னும் ஆசிரியர் கையில் பொருள் எதுவும் இல்லை. இரண்டு தவறான விதிகளும் எதிரே இருந்தால் அலகு தானே உருவெடுக்கும். நீளத்தை நம்பும் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகப் பிரித்த கட்டத்தாளில் 0.8ஐயும் 0.35ஐயும் நிழலிடும் பயிற்சி வேண்டும். மற்றப் பிள்ளைக்கு 0.4ஐ 0.40 என்று எழுதி, 57 நூறிலொன்றுகளோடு ஒப்பிடும் பயிற்சி வேண்டும். ரூபாய்–பைசா எடுத்துக்காட்டு இங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கங்களே வருவதால், இரு தவறான விதிகளும் அங்கே பிடிபடாமல் தப்பிவிடும்.

கருவியைப் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. கூகுள் படிவத்தின் வினாடிவினாவில் தவறான விடைக்கு ஒரே ஒரு பின்னூட்டம்தான் எழுத முடியும். எந்தத் தவறானாலும் அதே வரிதான் வரும். மூடுல் என்னும் கற்றல் மேலாண்மைத் தளத்தில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனிப் பின்னூட்டம் எழுதலாம். படிவத்திலும் வழி இருக்கிறது: தேர்ந்த விடைக்கேற்ப வேறு வேறு பகுதிக்கு மாணவரை அனுப்பும் அமைப்பைப் பயன்படுத்தலாம். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது, இரண்டு தவறுகளையும் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு விளக்காமலே புரியும். மற்றவர்க்கு அது பட்டியலில் இன்னொரு பொத்தான்.

பயிற்சியை மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். 2020 அக்டோபரில் நடுவண் அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா தீக்‌ஷா தளத்தில் இணையவழிக்கு மாறியது. அதன் பின் வந்த அடிப்படை எழுத்தறிவு–எண்ணறிவுப் பயிற்சியில், தொகுதி இறுதியில் உள்ள தெரிவு வினாக்களில் 70 விழுக்காடு பெற்றவர்க்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. இலட்சக்கணக்கான ஆசிரியர்களை எட்ட அந்த முறை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வளரறி மதிப்பீட்டின் வரையறையைத் தெரிந்தெடுப்பதும் ஒரு வளரறி மதிப்பீட்டை அமைப்பதும் ஒன்றல்ல. பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998இல் வலியுறுத்தியபடி, திரட்டிய சான்று கற்பித்தலை மாற்றப் பயன்பட்டால்தான் மதிப்பீடு வளரறி மதிப்பீடு ஆகிறது. ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதுதான்: நீங்கள் அமைத்த வினாவின் இந்தத் தெரிவைப் பன்னிரண்டு பிள்ளைகள் தொட்டால், மறுநாள் வகுப்பில் என்ன செய்வீர்கள்? விடை இல்லாத தெரிவை நீக்கிவிட வேண்டும்.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கட்டுரை எழுதுதல், கவிதை நயம் பாராட்டல், ஆய்வகத்தில் கைவேலை ஆகியவற்றைத் தெரிவு வினாவுக்குள் அடக்கக் கூடாது. அங்கே மாணவரின் படைப்பைப் படித்து எழுதும் குறிப்புக்கு மாற்று இல்லை. கருவி கிடைப்பதிலும் எல்லை உண்டு. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் மாலையில் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகே கிடைக்கும் என்ற நிலையில், இருபது நிமிடக் காணொளி கொண்ட அலகு பலருக்கு எட்டாது. இரண்டு வினாவும் ஒரு சிறு பின்னூட்டமும் எட்டும்.

நேரமே கடினமான தடை. தளங்களில் தரவு ஏற்றுவதற்கே பொழுது போதாத ஆசிரியரிடம் புதிதாக ஒரு வேலையைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆகவே இதற்கென்று தனிப் பயிற்சி நாள் வேண்டாம். குறுவள மையக் கூட்டத்தின் ஓர் அமர்வை இதற்கு ஒதுக்கலாம். ஒரே பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள், திருத்தி முடித்த வளரறித் தாள்களிலிருந்து ஒரே வினாவுக்கு வந்த தவறான விடைகளைப் பெயர் நீக்கி எடுத்துவரட்டும். அவற்றை மூன்று அல்லது நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் காரணம் எழுதி, அவையே தெரிவுகளாகும் வினா ஒன்றை அமைக்கட்டும். கணினி இல்லாத அறையிலும் இதைச் செய்யலாம். அந்த வினாவைப் படிவத்தில் ஏற்றுவதற்குக் கடைசிக் கால் மணி நேரம் போதும்.