ஜீப்பின் மூல வடிவம்

இரண்டாம் உலகப் போர் கால ஜீப்புகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டின் தலையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். அதில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் முகம் மலரும், ஏனென்றால் அது ஃபோர்டு கம்பெனி செய்த போல்ட். போர்க்காலத்தில் வில்லிஸ் கம்பெனியோடு சேர்ந்து ஃபோர்டும் அதே ஜீப்பைச் செய்துகொடுத்தது. செய்த பாகங்களில் எல்லாம், போல்ட் தலைவரை, தன் முதலெழுத்தைப் பொறித்தும் வைத்தது. இன்று ஃபோர்டு ஜீப் வைத்திருப்பவர், எழுத்தில்லாத போல்ட்டைக் கழற்றிவிட்டு எழுத்துள்ளதைக் கூடுதல் விலைக்கு வாங்கி மாட்டுகிறார். அப்போதுதான் வண்டி ‘ஒரிஜினல்’.

எனக்கு இதில் ஒரு உறுத்தல். ஃபோர்டு பாகமும் வில்லிஸ் பாகமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனையே. குண்டு பட்ட இரண்டு வண்டிகளிலிருந்து ஓடுகிற ஒரு வண்டியைத் தேற்றிவிட வேண்டும். போர்முனையில் போல்ட் தலையைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கலந்து மாட்டுவதற்கென்றே செய்த வண்டியைக் கலப்பில்லாமல் ஆக்கினால் அதற்குப் பெயர் ‘மூல வடிவம்’!

சரி, அந்த மூலம் எங்கே தொடங்குகிறது? 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் கம்பெனிகளிடம் ஒரு சிறிய நான்குசக்கர இயக்க வண்டி கேட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். ஒப்புக்கொண்டது பாண்டம் என்ற, கிட்டத்தட்ட திவாலாகியிருந்த சின்ன கார் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வந்து சில நாட்களில் வரைபடம் போட்டார். எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய நேரம் ஏது? கடையில் கிடைத்ததை எடுத்தார்கள். ஆக்ஸில்கள் ஸ்டூடிபேக்கர் காரின் ஆக்ஸிலைத் திருத்திச் செய்தவை, இன்ஜின் கான்டினென்டல் கம்பெனியுடையது. செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டி ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் பெரிய ஆர்டர் அவர்களுக்கே போனது, பாண்டத்துக்குக் கிடைத்தது சொற்பம். ஆக, உலகின் முதல் ஜீப்பே ஒரு பட்டறை வேலை. அவரவர் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும் அதே வேலை.

வில்லிஸ் கொண்டுவந்த முக்கியமான சரக்கு அதன் இன்ஜின். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். எளிமையானது. ஆனால் எளிமை மட்டும் போதாது, அதை ஓட்டுகிற பையனுக்கும் புரியவேண்டும். பண்ணையிலிருந்தும் கடையிலிருந்தும் வந்த லட்சக்கணக்கான இளைஞர்களிடம் இந்த இயந்திரங்களைக் கொடுத்தாயிற்று. எண்ணெய் பார்க்கவும், பேட்டரித் தண்ணீர் ஊற்றவும், நட்டு முடுக்கவும் அவர்களுக்கு யார் சொல்லித்தருவது? டிஎம் 9-803 என்ற ஜீப் கையேட்டைப் படித்திருக்கிறேன். எதை ஓட்டுநரே செய்யலாம், எதை யூனிட் மெக்கானிக் செய்யவேண்டும், எதைப் பின்னால் இருக்கும் பணிமனைக்கு அனுப்பவேண்டும் என்று பிரித்திருப்பார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், ஆவணம் என்ற பெயரில் நாங்கள் எழுதிவைப்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கையேட்டைப் படிக்காதவர்களுக்குப் படம் போட்டார்கள். ‘ஆர்மி மோட்டர்ஸ்’ என்ற ராணுவப் பராமரிப்பு இதழில் ஜோ டோப் என்ற மக்குச் சிப்பாய் வருவான். வண்டியை அவன் கெடுக்கிற விதவிதமான வழிகளைப் பார்த்துச் சிரித்தபடியே மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். வரைந்தவர் வில் ஐஸ்னர். கிராஃபிக் நாவல் வாசிப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பெயர். போருக்குப் பிறகும் விடவில்லை, 1951இல் ராணுவம் தொடங்கிய ‘பிஎஸ்’ இதழில் இருபது வருடம் இதே வேலையைச் செய்தார். அவருடைய இலக்கியப் பெருமையைப் பேசும்போது நட்டு போல்ட்டில் கழிந்த இந்த வருடங்களை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

போர் முடிந்ததும் ஜீப்புகள் அங்கங்கே கைவிடப்பட்டன. பிலிப்பைன்ஸில் அவற்றை நீட்டி, கூரை போட்டு, எதிரெதிர் பெஞ்சு வைத்து ஜீப்னி ஆக்கினார்கள். இந்தியாவில் கதை கொஞ்சம் கசப்பாகத் தொடங்கியது. 1948இல் காஷ்மீரில் சண்டை நடந்தபோது, லண்டனில் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் புதுப்பித்த பழைய ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் போட்டார். சுமார் 80 லட்சம் ரூபாய் விவகாரம். வந்து இறங்கியவை 155 வண்டிகள், அவையும் உபயோகத்துக்கு ஆகாதவை என்று ராணுவம் கைவிரித்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டு என்று சொல்லப்படுகிற இதை 1955இல் அரசு முடித்துவைத்தது. அரசியல் பக்கத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னை இழுப்பது ‘புதுப்பித்த’ என்ற சொல்தான். அது எவ்வளவு நல்ல வேலையையும் எவ்வளவு பெரிய ஏமாற்றையும் ஒரே பெயரில் மறைத்துவைக்கும் என்பது பழைய வண்டி வாங்கியவர்களுக்குத் தெரியும்.

அதே காலத்தில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது. பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்தது. நம் ஊரில் ஜீப் என்றதும் மனதில் வருகிற உருவம், போலீஸ் ஜீப், தேர்தல் ஜீப், பழைய படங்களில் வில்லன் வந்து இறங்கும் ஜீப், பெரும்பாலும் சிஜே 3பி என்ற மாடல். அதன் பானெட் மற்ற ஜீப்புகளைவிட உயரமாக இருக்கும். அழகுக்காக இல்லை. வில்லிஸ் பழைய இன்ஜினின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் மேலே தூக்கி ‘ஹரிகேன்’ என்ற இன்ஜினை உருவாக்கியது. திறன் கூடியது, உயரமும் கூடியது. இன்ஜின் பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை, ஆகவே பானெட்டை உயர்த்திவிட்டார்கள். கம்பெனியே செய்த ஒட்டுவேலை அது. அமெரிக்காவில் இந்த மாடல் 1968இல் நின்றுபோனது. இங்கே அதற்குப் பிறகும் வெகுகாலம் வந்தது.

என் பெரியப்பாவின் வண்டி 1969 மாடல் சிஜே 3பி. ஊர் போடிநாயக்கனூர். அங்கே ஜீப் ஒரு பொழுதுபோக்கு வாகனம் கிடையாது. விடிவதற்கு முன் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிற வண்டி. பெட்ரோல் ஹரிகேனுக்கு அந்த ஏற்றத்தில் பசி அதிகம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை கழுத்தை நெரிக்க, நாடு முழுக்க ஜீப்காரர்கள் டீசலுக்குத் தாவினார்கள். டீசல் இன்ஜினுக்கும் பஞ்சமில்லை. சென்னை சிம்சன் கம்பெனி 1950களிலிருந்தே பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் செய்துவந்தது. மேட்டடார் வேன், அம்பாசடர், டிராக்டர் என்று எதிலிருந்து கழற்றியது கிடைத்தாலும் ஜீப்பில் இறக்கினார்கள். பெரியப்பா 1984இல் இறக்கியது டிராக்டர் குடும்பத்து 2350 சிசி டீசல்.

எழுதும்போது ஒரு வரி. வேலையில் அப்படி இல்லை. முதல் பிரச்சினை, புது இன்ஜினையும் பழைய கியர்பாக்ஸையும் எப்படிச் சேர்ப்பது. இரண்டின் போல்ட் துளைகளும் பொருந்தாது. நடுவே ஒரு கனத்த இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து, ஒரு பக்கம் இன்ஜினுக்கும் மறுபக்கம் கியர்பாக்ஸுக்கும் துளை போடவேண்டும். இரண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். ஒரு முடி விலகினாலும் கிளட்ச் நடுவில் இருக்கும் பேரிங்கைத் தின்றுவிடும். பிறகு எடை. டீசல் கனம், முன்பக்கம் தொங்கும், ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கவேண்டும். பெட்ரோல் வண்டியைச் சாவியைத் திருப்பி நிறுத்தலாம். இந்த டீசலில் பற்றவைக்கும் மின்பொறியே இல்லை, எரிபொருளை வெட்ட டாஷ்போர்டில் இழுக்கிற கம்பி ஒன்று வைக்கவேண்டும்.

வேகம்? இந்த ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38. அதாவது கடைசி கியரில் இன்ஜின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பதினாறு அங்குல ரிம்மில் பழைய ஒல்லி டயர் ஒரு சுற்றுக்கு 2.27 மீட்டர் போகும். டீசலை நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு விரட்டினாலும் கணக்குப்படி 76 கிலோமீட்டர் வேகம்தான். பெரியப்பா அந்தப் பக்கமே போனதில்லை. தோட்டத்துப் பாதைக்கு வேகம் எதற்கு? அவருக்கு வேண்டியிருந்தது இழுவை, அதைவிட முக்கியமாக இறக்கத்தில் பிடிப்பு. கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். ஒரே பைப் லைனில் நான்கு டிரம் பிரேக்கும் ஓடுகிற வண்டியில், எங்கே ஒழுகினாலும் நான்கும் போய்விடும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த டீசல் பத்து பேரின் உயிருக்குப் பிணை.

மகிந்திரா கம்பெனியும் இதே காலத்தில் டிராக்டர் வழி டீசலைத் தன் ஜீப்பில் வைத்து விற்றது. பின்னர் பெஜோ டீசலோடு எம்எம் 540 வந்தது. கம்பெனி செய்தால் அது புது மாடல். போடியில் ஒரு பட்டறை செய்தால் அதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். பெரியப்பா ஒப்புதல் வாங்கினார், ஆர்.சி. புத்தகத்தில் ‘டீசல்’ என்று கையெழுத்தோடு ஏறியிருக்கிறது.

இப்போது அதுதான் வீட்டில் பேச்சு. பெரியப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. வண்டியை என்ன செய்வது? 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இறுகிவிட்டது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. அரியானா எல்லையில் மண்டி டப்வாலியில் ஜீப்புகளைப் பிரித்துக் கோர்த்து, யானைக்கால் டயர் மாட்டி அனுப்புகிறார்கள். அவற்றில் சிலதை நெடுஞ்சாலையில் எதிரே பார்த்தால் நானும் ஓரம் கட்டத்தான் செய்வேன். வளைக்க முடியாத ஸ்டியரிங்கும் நிற்காத பிரேக்கும் தனிமனித சுதந்திரம் ஆகாது.

ஆனால் 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதி வேறு கதை. 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு, தனி எண் பலகை. நிபந்தனை: மூல வடிவில் பராமரித்திருக்கவேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. அன்றாடம் ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும். அதாவது, ஒரு பங்களாவில் தார்ப்பாய் மூடி நின்ற ஜீப் பாரம்பரியச் சின்னம். முப்பத்தைந்து வருடம் மலையேறி, அதற்காகவே இதயம் மாற்றிக்கொண்ட ஜீப் வெறும் பழைய வண்டி. வரலாறு என்று எதைக் காப்பாற்றுகிறோம் என்பதைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் இன்னொரு அரசாணையை நான் படித்ததில்லை.

பெரியப்பா மகனுக்கு ஆசை, ஹரிகேன் இன்ஜின் ஒன்றைத் தேடி வாங்கி மறுபடி பெட்ரோலாக்கி விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்று. வாங்க ஒரு சென்னை ஆளும் தயார், விலையும் ஆசைப்படும்படிதான் சொல்கிறார். “புதுப்பேட்டைல சொல்லி வெச்சா கெடைக்கும்டா” என்கிறான் அண்ணன். கிடைக்கும்தான். ஆனால் அந்த இன்ஜின் இந்த வண்டியில் ஒருநாளும் ஓடியது இல்லை. வேறெதோ ஜீப்பிலிருந்து பிடுங்கிய இன்ஜினோடு இது ‘ஒரிஜினல்’ ஆகும், 1984இலிருந்து இதிலேயே கிடக்கிற இன்ஜின் அந்நியமாகும். இன்னொன்றும் உண்டு. இப்போதைய பங்க் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் ஜவ்வையும் அது அரிக்கும். ஆகவே அதற்கும் மாற்றம் செய்துதான் ஓட்டமுடியும். தீசியஸின் கப்பல் உதாரணத்தை இங்கே நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம், அந்தக் கப்பல் ஏற்கெனவே போதுமான கட்டுரைகளில் மிதக்கிறது.

இன்ஜினை இறக்கிய மெக்கானிக் இன்னும் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவரிடம் கேட்டேன். “ஒங்க பெரியப்பா கூட நின்னு அந்தத் தகட்ட மூணு தடவ கடஞ்சோம் தம்பி. மொத ரெண்டும் சரியா ஒக்காரல. அதக் கழட்டணும்னா என்னயக் கூப்பிடாதீங்க, வேற ஆளப் பாத்துக்கங்க.”

அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதுவரை சனி, ஞாயிறுகளில் நான் செய்வது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற எஃப்.சி.க்குத் தேவையான வேலைகளை மட்டும். ஸ்டியரிங் பெட்டியில் தேய்ந்ததை மாற்றி ஆட்டத்தைக் குறைத்தாயிற்று. வீல் சிலிண்டர் நான்கும் புதிது. பிரேக் பைப்புகளை மாற்றியாகிவிட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி லைன் போகிற இரட்டை மாஸ்டர் சிலிண்டரை வைக்கலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். மனுவில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘போடிமெட்டு’ என்று எழுத நினைத்து, ‘பாதுகாப்பு’ என்று எழுதினேன்.