படியாள் என்ற சொல்

ஃப்ரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றைத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில்தான் படித்து முடித்தேன். சின்னப் புத்தகம். தலைப்பிலேயே 'தானே எழுதியது' என்று போட்டிருக்கும். ஓர் அடிமையால் இப்படி எழுத முடியும் என்று 1845இல் பலர் நம்பத் தயாராக இல்லை. அவர்களை நம்ப வைக்க டக்ளஸ் தன் எஜமானர்களின் பெயரையும் ஊரையும் அப்படியே எழுதினார். அவர் மேரிலாந்திலிருந்து தப்பி ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. எழுதியதாலேயே மறுபடி பிடிபடும் ஆபத்து வந்தது, பிரிட்டனுக்குப் போனார். 1846இல் அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி, எஜமானருக்குக் கொடுத்து, அவருடைய விடுதலையை வாங்கினார்கள்.

அன்று ராத்திரி இந்தக் கதையை ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "இதுக்கு எதுக்குடா அமெரிக்காவுக்குப் போற? எங்க மாமனாரே படியாளுதான்" என்றார். பக்கத்தில் இருந்த அப்பா, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். பேச்சு அதோடு நின்றது.

எனக்கு நிற்கவில்லை. நம் ஊரில் 'தானே எழுதியது' என்று ஒரு புத்தகம் ஏன் இல்லை என்று தேட ஆரம்பித்தேன்.

அடிமைகளைப் பற்றிய எழுத்து தமிழில் இல்லாமல் இல்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த அடிமை ஓலை பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரரின் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, 'நீ எனக்கு வழிவழி அடிமை' என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். மூல ஓலை வேறு இருக்கிறது என்று வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிறது. சின்ன வயதில் இதை பக்திக் கதையாக மட்டும்தான் கேட்டேன். இப்போது யோசித்தால், பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனைக் கட்டும் என்பதைக் கேட்டவர்கள் யாரும் விநோதமாக நினைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. சோழர் காலத் திருப்பாம்புரம் கல்வெட்டில் ஒருவர் பஞ்சத்தில் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்ற செய்தி இருக்கிறது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' படித்தால் இப்படிப்பட்ட ஆவணங்கள் எவ்வளவு என்று தெரியும். ஆனால் அவை எல்லாமே விற்றதற்கும் வாங்கியதற்குமான சாட்சியங்கள். விற்கப்பட்டவருக்கு அன்றைக்கு என்ன தோன்றியது என்று எழுத அவற்றில் இடமே கிடையாது.

பிரிட்டிஷ் பேரரசு 1833இல் அடிமை முறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளை விட்டுவிட்டது. இங்கே 1843இல்தான் ஐந்தாவது சட்டம் வந்தது, டக்ளஸின் புத்தகத்துக்கு இரண்டு வருஷம் முன்பு. அந்தச் சட்டம் யாரையும் கூப்பிட்டு 'நீ இன்று முதல் சுதந்திரமானவன்' என்று சொல்லவில்லை. ஒரு மனிதனை அடிமை என்று சொல்லி உரிமை கோரினால் நீதிமன்றம் அதை ஏற்காது என்று மட்டும் சொன்னது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவருக்குப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். சேரியில் யார் சொல்லியிருப்பார்கள்? அடிமையை வைத்துக்கொள்வதும் வாங்கி விற்பதும் 1862இல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் குற்றமானது.

அதற்குள் ஓலையின் வேலையைக் கடன் செய்ய ஆரம்பித்திருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் இது நடந்த விதம் எளிமையானது. கல்யாணத்துக்கு மிராசுதாரிடம் முன்பணம் வாங்குவார்கள். அதைக் கழிக்க அவர் நிலத்தில் வேலை. கூலி தானியமாக, படிக்கணக்கில் வரும். அதனால்தான் படியாள். அந்தக் கூலியில் முதல் எப்படித் தீரும்? அப்பன் செத்தால் கடன் மகன் தலையில். குடிசை போட்டிருக்கும் மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசை இருக்காது. புறம்போக்கில் ஒரு துண்டு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சங்கிலியே தேவைப்படாத ஏற்பாடு.

இதை அரசாங்கத்துக்கு விரிவாக எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர். 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அவர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் இது. அறிக்கை முக்கியமானதுதான். ஆனாலும் அது ஒரு வெள்ளைக்கார அதிகாரி எங்களைப் பற்றி எழுதியது.

எங்களில் ஒருவர் எழுதியது என்று தேடியபோது வந்து நின்றவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். அவர் படியாள் இல்லை, படித்தவர். ஆனால் படியாள்கள் பிறந்த அதே சேரிகளின் பிள்ளை. அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939இல் வந்தது. கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சொல்கிறார். நானூறு பேர் படிக்கும் இடம், பத்துப் பேரைத் தவிர எல்லாரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாருடனும் ஒட்டாமல் வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம்.

இதைப் படித்ததும் அப்பாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா."

அப்படி ஒளிந்து உட்கார்ந்திருந்த அதே பையன்தான் 1893 அக்டோபரில் சென்னையில் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. மறைத்து வைத்த அதே சொல்லைத் தலைப்பாகப் போட்டார். ஏழு வருஷம் பத்திரிகை நடந்தது. பிறகு தென்னாப்பிரிக்கா போனார். திரும்பி வந்து சட்டமன்ற உறுப்பினராகி, பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். பதவிகளை விட எனக்கு அந்தத் தலைப்புதான் பெரிதாகத் தெரிகிறது. டக்ளஸ் தப்பிய பிறகு எஜமானரின் பெயரை அச்சில் போட்டார். இவர் தன் மேல் ஏவப்பட்ட பெயரை எடுத்து அச்சில் போட்டார்.

கதை அங்கே முடியவில்லை. பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போயின. மீட்கக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். 1976லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. அங்கேயும் அதே முன்பணம்தான். மீட்கப்பட்டவருக்கு அரசு ஒரு விடுதலைச் சான்றிதழ் தருகிறது. 2016 திட்டத்தின்படி உடனடி உதவி கொஞ்சம் கிடைத்தது. மறுவாழ்வுத் தொகை முழுதாக வர, வேலை வாங்கியவர் மீதான குற்றம் நிரூபணமாக வேண்டியிருந்தது. ஓலை கட்டிப்போட்டது. இந்தக் காகிதம் அவிழ்த்துவிடுகிறது, ஆனால் அதிலும் பேசுவது அதிகாரிதான்.

போன மாசம் ஆயாவின் பக்கத்தில் ஃபோனை வைத்து, "ரெக்கார்டு பண்ணட்டுமா?" என்று கேட்டேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

"என்னத்த சொல்ல? கல்யாணத்துக்கு வாங்குனது எவ்ளோன்னு அவருக்கே தெரியாது. கணக்கு ஆண்ட வூட்டு நோட்டுல இருந்துச்சு. பொழுது விடியறதுக்கு முன்ன ஏர் கட்டணும். ஒருநாளு ஜொரம், போவல. ஆளு வந்து நின்னுச்சு. அப்படியே எழுந்து போனாரு. சாவுற வரைக்கும் அந்த நோட்ட அவரு கண்ணால பாக்கல."

பதினேழு நிமிஷம் பேசினார். முடியும்போது அப்பா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "எங்க தாத்தா பேரச் சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

ஆயா சொல்லியிருக்கவில்லை. மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது அவர் வழக்கம். அப்பாவே குனிந்து, ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து, அந்தப் பெயரைச் சொன்னார்.