மரத்தை வெட்டும் கட்டளை

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனிக்கணினியோடு வெளிவந்த டாஸ் முதற்பதிப்பில் அடைவுகளே இல்லை. 160 கிலோபைட் நெகிழ்வட்டில் அதிகம் போனால் 64 கோப்புகள். அவற்றுக்கு ஒற்றைப் பட்டியல் போதும். 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. கணினி வந்தபோது அப்பட்டியல் தாங்கவில்லை. யூனிக்ஸின் மரவடிவத்தைக் கடன்பெற்று, அடைவுக்குள் அடைவு வைக்கும் முறை டாஸ் 2.0-இல் புகுந்தது.

மரம் வளர்க்க வழிசெய்தவர்கள் அதை வெட்டும் கருவியைத் தர மேலும் பத்தாண்டு எடுத்துக்கொண்டனர். யூனிக்ஸில் 1970களிலேயே அக்கருவி இருந்ததை எண்ணினால் இது வியப்பே. டாஸின் 'ஆர்.டி.' கட்டளை காலியான அடைவை மட்டுமே நீக்கும். ஆகவே பல கிளைகளுள்ள பழைய மென்பொருளொன்றை அகற்ற விரும்பியவர், அடியாழத்து அடைவுவரை இறங்கி, கோப்புகளை அழித்து, 'உறுதிதானா?' என்ற வினாவுக்கு விடையளித்து, ஒருபடி மேலேறி, காலியான அடைவை நீக்கி, அடுத்த கிளைக்குள் மீண்டும் இறங்க வேண்டும். மறைகோப்பு ஏதேனும் பதுங்கியிருந்தால் அடைவு காலியில்லை என்று கணினி மறுக்கும். பட்டியலிலோ ஒன்றும் தென்படாது. இதை வெறும் தொல்லை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வோர் அறையையும் பார்த்த பின்னரே வீட்டை இடிக்க முடிந்தது என்பதும் அதில் அடக்கம்.

அழித்தது உடனே அழிந்தும் போகவில்லை. கோப்புப் பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் டாஸ் 229 என்ற எண்ணை எழுதிவைக்கும். கோப்பின் பகுதிகளை இணைக்கும் சங்கிலிக் குறிப்பையும் துடைத்துவிடும். உள்ளடக்கமோ, வேறொன்று மேலே எழுதப்படும்வரை வட்டில் அப்படியே கிடக்கும். 1991-இல் டாஸ் 5.0 தந்த 'அன்டிலீட்' கட்டளை, இழந்த முதலெழுத்து எதுவென்று நம்மையே கேட்டது. செல்லரித்த ஏட்டில் விடுபட்ட எழுத்தை ஊகித்து நிரப்பிய பதிப்பாசிரியர்களின் வேலை இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

1993-இல் எம்.எஸ்.டாஸ் 6.0 'டெல்ட்ரீ' கட்டளையைக் கொண்டுவந்தது. பல அடைவுகளின் பெயர்களை ஒரே வரியில் அடுக்கலாம். அடைவுக்கு ஒரு கேள்வி. 'ஒய்' என்ற விசையைச் சேர்த்துவிட்டால் அக்கேள்வியும் இல்லை. மறைகோப்பு, படிக்க மட்டுமான கோப்பு என்ற காப்புகள் எதையும் அது பொருட்படுத்தவில்லை. இதனால் மிச்சமான நேரம் பெரிது. ஆனால் இழப்பு வேறிடத்தில் இருந்தது. கோப்பின் பெயரும் தொடக்க இடமும் அடைவில்தான் எழுதப்பட்டிருக்கும். அடைவே நீங்கினால் டாஸின் அன்டிலீட் அதை மீட்காது. அதனுள்ளிருந்த கோப்பையும் மீட்காது. தனிக்கோப்புக்கு இருந்த மறுவாழ்வு, கிளையோடு வெட்டுண்ட கோப்புக்கு இல்லாமல் போயிற்று. மேலெழுதப்படாத உள்ளடக்கம் வட்டில் கிடந்தது. அதற்கு வழிசொல்லும் ஏடுதான் இல்லை.

விண்டோஸ் 98-லும் டெல்ட்ரீ உடனிருந்தது. என்.டி. வழிவந்த விண்டோஸ் 2000-இலோ அது இடம்பெறவில்லை. காலியான அடைவை மட்டுமே தொட்டுவந்த அதே பழைய ஆர்.டி.க்கு 'எஸ்' என்றொரு விசை சேர்ந்து, முழு மரத்தையும் வெட்டும் வேலை அதன் கைக்கு வந்தது. கேள்வி கேட்காதிருக்க 'க்யூ' என்ற விசை தனியே உண்டு.